நாலு மணிக்குப் பிறகு பிள்ளை யார் பொறுப்பு?

போன ஏப்ரலில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு கோடை முகாமில் மகளைச் சேர்க்கப் போயிருந்தேன். ஒரே பக்கப் படிவம். பெயர், வயது, படிக்கும் பள்ளி, பெற்றோரின் வாட்ஸ்அப் எண், டி-ஷர்ட் அளவு. அவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அதை எழுத இடமில்லை. மாலையில் யார் வந்து கூட்டிப் போவார்கள் என்ற கேள்வியும் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டு, "இதுக்கெல்லாம் லைசென்ஸ் உண்டா தம்பி?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். நல்ல பையன், கோபப்படவில்லை. "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கு மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பட்டது. தள்ளுவண்டியில் இட்லி விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். முடிதிருத்தும் கடைக்கும் உள்ளாட்சி உரிமம் உண்டு. முப்பது பிள்ளைகளைக் காலையிலிருந்து மாலைவரை பத்து நாள் வைத்துக்கொள்பவரிடம் மட்டும், 'உன்னிடம் எத்தனை பிள்ளை, எத்தனை பெரியவர்' என்று எவரும் கேட்பதில்லை.

குழந்தைக் காப்பகம், விளையாட்டுப் பள்ளி, டியூஷன், விளையாட்டுப் பயிற்சி, கோடை முகாம் ஆகியவை பள்ளிக்கு வெளியே நம் பிள்ளைகள் இருக்கும் இடங்கள். இவற்றுக்கு உரிமம் என்ற ஏற்பாடு நம்மிடம் எப்படி வளர்ந்தது, எங்கே நின்றது, மற்ற நாடுகள் இதே கேள்வியை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. விதிகளைத் துருவிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சட்டங்கள் வாசலில் தொங்கும் பலகையைப் படிக்கின்றன. 'பள்ளி' என்று இருந்தால் ஒரு துறை வரும், 'விடுதி' என்று இருந்தால் இன்னொரு துறை வரும். பலகையே இல்லாத இடத்தில் பிள்ளை இருந்தால் யாரும் வருவதில்லை.

தொடக்கம் தொழிற்சாலையில். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. முதலில் 50 பெண்கள் என்றிருந்த வரம்பு 1976இல் 30 ஆனது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 50 பெண்கள், அல்லது 20 பிள்ளைகள். 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் மறுபடி 50 பெண்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கியபோது, ஆணோ பெண்ணோ 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் 50 என்ற அந்த எண்ணே நிற்கிறது.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்தும். தோட்டத் தொழிலாளர் சட்டம் தவிர எதிலும் பிள்ளைகளை எண்ணவில்லை, வேலை செய்பவர்களை எண்ணியிருக்கிறார்கள். 49 பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருத்தியின் பிள்ளை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுபவரின் பிள்ளையும் அப்படித்தான். அவர் உட்கார்ந்திருக்கும் இடம் ஆலை இல்லை. பிள்ளைகளின் தலையை எண்ணிய இன்னொரு சட்டம் 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம். வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி அவருக்கும் கூலி கொடு என்றது. எத்தனை ஊரில் நடந்தது என்பது வேறு கதை. கணக்கு மட்டும் சரியான கணக்கு.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இந்த அறைக்குப் 'பிள்ளை மடுவம்' என்று பெயர். கொழுந்து பறிக்கப் போகிறவள் விடியலில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலை ஏறுவாள். தோட்ட நிர்வாகத்துக்கு அவள் கை வேண்டும், அதற்காகப் பிள்ளைக்கு ஒரு கூரை. காப்பகம் என்ற எண்ணமே தாயின் உழைப்புக்கான துணை ஏற்பாடாகப் பிறந்தது என்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை.

பிள்ளையைப் பிள்ளைக்காகவே பார்க்கும் முயற்சி வேறு பாதையில் வந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக டெல்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, மணலிலும் ஜல்லியிலும் கிடந்த சித்தாள்களின் பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரம் போட்டார். 'மொபைல் க்ரெஷஸ்' அப்படித் தொடங்கியது. அதே காலத்தில் பள்ளிப் பருவத்துக்கு முந்திய பிள்ளைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது; அங்கன்வாடி வந்தது. நாம் அதைப் பால்வாடி என்றோம். வடக்கே 'பால்' என்றால் குழந்தை; நம் காதில் அது பசும்பாலாகவே விழுந்தது. சத்துமாவும் சோறும் கொடுத்த இடத்துக்கு அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்தது.

ஆனால் பால்வாடிக்கு ஒரு கடிகாரம் உண்டு. சாயங்காலத்துக்கு முன்பே பூட்டிவிடும். திருப்பூரில் செக்கிங் டேபிளில் நிற்கும் ஒரு தாய்க்கு ஷிப்ட் முடிய ஐந்தரை. ஆர்டர் அவசரமென்றால் 'ஒன்றரை ஷிப்ட்', அதாவது இரவு எட்டரை. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை பக்கத்து லைன் வீட்டுப் பாட்டியிடமோ, மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவிடமோ இருக்கும். தமிழ்நாட்டில் குழந்தைப் பராமரிப்பின் பெரும்பகுதி இந்த அக்காக்களின் கையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. எந்தச் சட்டத்திலும் அவர்களுக்குப் பெயர் இல்லை.

மூன்று வயதானதும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளை விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில் தொடங்கிப் பதினான்கில் முடிகிறது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்ற விதியும் அந்த வயதைச் சுற்றியே நிற்கிறது. ஆறுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் வீட்டு மாடிகளிலும் வாடகை பங்களாக்களிலும் கார்ட்டூன் சுவரோவியங்களோடு பிளே ஸ்கூல்கள் முளைத்தன. நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தபின் தமிழ்நாடு அரசு 2015இல் இவற்றுக்கென ஒழுங்குவிதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை, 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் ஆயாவும், ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு மணி நேரம் என்பது அதன் சாரம். நல்ல நெறிகள்தாம். ஆனால் வழிகாட்டு நெறி சட்டமாகாது. மாநிலம் அதை எடுத்து விதியாக்கி, ஆள் போட்டு, மீறினால் என்ன என்று எழுதினால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை நம்மிடம் பல் உண்டு. அதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள், மேல்மாடியில் கீற்றுக்கூரை, சமையல் கூடத்தில் பற்றிய தீ, ஏறி இறங்கக் குறுகலான படி. 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்று ஒழிந்தது. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு காகிதங்களைச் சுற்றித் தாளாளர்கள் ஓடத் தொடங்கினார்கள். இன்றும் தனியார் பள்ளி நடத்தும் எவரிடமும் பேசிப் பாருங்கள், மூன்றாவது வாக்கியத்தில் இந்த நான்கும் வரும். அவற்றை வாங்கும் வழியில் எத்தனை மேசை, ஒவ்வொரு மேசையிலும் எவ்வளவு என்பது நான்காவது வாக்கியம்.

ஆனால் நான்கும் சுவரையும் கூரையையும் கழிப்பறையையும் பற்றியவை. உள்ளே யார் இருக்கிறார், அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், பத்து மணிக்கு எழுதிய வருகைப் பதிவும் பதினொன்றுக்கு மைதானத்தில் நிற்கும் தலைகளும் ஒத்துப்போகின்றனவா என்பது எந்தச் சான்றிலும் இல்லை. 2025 ஏப்ரல் இறுதியில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளி வளாகத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் நான்கு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது. அது கோடை விடுமுறை வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். பள்ளி என்ற பலகைக்குப் பின்னால் ஓர் அனுமதி இருக்கலாம். விடுமுறையில் அதே இடத்தில், அதே பிள்ளைகளை, வேறு பெயரில், வேறு கட்டணத்தில் வைத்துக்கொள்வதற்கு என்ன அனுமதி? பள்ளி வேலைநாளுக்காக எழுதப்பட்ட விதிகள் மே மாதத்தில் விடுமுறைக்குப் போய்விடுகின்றன. தொட்டி போவதில்லையே.

வயது ஏற ஏற சட்டத்தின் பார்வை மங்கும். டியூஷனைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் கழிக்கும் பொழுதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு டியூஷன் மிஸ் இருக்கிறார். பி.எஸ்சி. கணிதம், கணவர் கம்பெனி வேலை. மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு மாடிப்படியில் செருப்புகள் சேர ஆரம்பிக்கும். ஒருநாள் எண்ணினேன்: இருபத்துமூன்று ஜோடி, அதில் இரண்டு பூட்டிய சைக்கிளோடு போட்டி போட்டுக்கொண்டு படியை மறித்துக் கிடந்தன. மேலே ஒரு கூடம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மொட்டைமாடித் துண்டு, ஒரு டியூப்லைட், ஓயாமல் ஆடும் மேசை விசிறி. எல்.கே.ஜி. முதல் ஒன்பதாம் வகுப்புவரை ஒரே பாயில். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லித்தரும். மழை வந்தால் எல்லோரும் அவர் சமையலறை வாசலுக்கு நகர்வார்கள். ஆறு மணிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் பிரித்துச் சுற்றில் விடுவார். யாராவது கூட்டிப்போக வராவிட்டால் இரவு எட்டுவரை அந்தப் பிள்ளை அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு டி.வி. பார்க்கும். இதற்கு அவர் வாங்கும் மாதக் கட்டணம், நான் அந்தக் கோடை முகாமில் ஒருநாளுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

இவரை 'உரிமம் பெறாத நிறுவனம்' என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் அந்தப் படி ஒன்றே வழி, மின்சாரப் பெட்டி அந்தப் படியின் தலைமாட்டில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

2019 மே 24, சூரத். தட்சசீலா ஆர்கேட் என்ற வணிக வளாகத்தின் உச்சியில் அனுமதியில்லாமல் எழுப்பிய தளத்தில் ஓவியம், வடிவமைப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தீ கீழேயிருந்து வந்தது. மேலிருந்து பிள்ளைகள் குதித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 22 பேர் இறந்தார்கள். அதுவும் மே மாதம்தான்.

ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது, ஒரு மாணவருக்கு ஒரு சதுர மீட்டராவது இடம், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, முதல் மீறலுக்கு 25,000 ரூபாய், இரண்டாவதற்கு ஒரு லட்சம், பிறகு பதிவு ரத்து. ராஜஸ்தானின் பயிற்சி நகரமான கோட்டாவில் மாணவர்கள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்தின் நிழலில் எழுதப்பட்டவை இவை. பீகாரில் 2010லேயே இதற்கு ஒரு சட்டம் இருந்தது. ராஜஸ்தான் 2025இல் தனக்கென ஒன்றை இயற்றியது. ஆனால் ஒன்றிய அமைச்சகத்தின் அந்த நெறிகளில் பயிற்சி மையத்துக்கான வரையறையைப் படித்தால் நம் பிள்ளைகள் வெளியே நிற்பது தெரியும். 50 பேருக்கு மேல் படித்தால்தான் அது மையம். விளையாட்டும் நடனமும் நாடகமும் பிற கலைகளும் கணக்கிலேயே வராது. எங்கள் மிஸ்ஸின் இருபத்துமூன்று பிள்ளைகள் வெளியே. கராத்தே, நீச்சல், பரதநாட்டியம், கிரிக்கெட் அகாடமி எல்லாம் வெளியே. நீட் எழுதப்போகும் பதினேழு வயதுக்காரருக்குச் சதுர மீட்டர் அளந்தவர்கள், நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் அளக்கவில்லை.

கட்டடமும் கூட்டமும் மட்டுமே ஆபத்து என்றால் இத்தோடு நிறுத்தலாம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி வளாகத்தில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடந்தது. அதில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். விசாரணையில் அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. சீருடை இருந்தது, விசில் இருந்தது, அணிவகுப்பு இருந்தது. வந்தவர்கள் யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. பள்ளிக்கு அங்கீகாரம் உண்டு, கட்டடத்துக்குச் சான்றுகள் உண்டு. உள்ளே விடப்பட்ட ஆளுக்கு எதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் 2020இல் எழுதப்பட்ட விதிகளில் ஒரு வரி உண்டு. பிள்ளைகளைத் தங்கவைக்கும் நிறுவனமோ அவர்களோடு வழக்கமாகப் புழங்கும் நிறுவனமோ எதுவானாலும், பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சியகம் உட்பட, தன் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் சரிபார்த்துப் பின்புலம் விசாரிக்க வேண்டும், அதையும் ஒருமுறையோடு விடாமல் அவ்வப்போது செய்ய வேண்டும் என்கிறது. பாடம் நடத்துபவரோ பெருக்குபவரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, விலக்கு இல்லை. நான் பார்த்தவரை பலகையைப் படிக்காமல் பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்கும் விதி இது ஒன்றுதான். 50 பேர் என்ற வரம்பு இதில் இல்லை, நடனத்துக்கு விலக்கும் இல்லை. தமிழ்நாடு காவல்துறை இந்தச் சரிபார்ப்பை இணையம் வழியாகவே செய்துகொடுக்கிறது. ஆனால் செய்தார்களா என்று போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்று கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறை சமூகநலத் துறையைக் காட்டும், சமூகநலத் துறை காவல் நிலையத்தைக் காட்டும், காவல் நிலையம் புகார் வந்தால் பார்க்கிறோம் என்னும்.

வெளிநாடுகளில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. அவ்வளவு எளிதில்லை.

அமெரிக்காவில் உரிமம் மாநிலத்தின் அதிகாரம். மாசசூசெட்ஸ் விதிப்படி மூன்று கைக்குழந்தைகளுக்கு ஒருவர், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மூன்று பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு நடக்கும் மையங்களும் அதே உரிமத்தின் கீழ் வருகின்றன. 2014ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், உரிமம் பெற்ற இடங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை இணையத்தில் போட வேண்டும், ஊழியர்களின் கைரேகையைச் சரிபார்க்க வேண்டும் என்றது. கூடவே விலக்குகளும் ஏராளம். குறுகிய கால முகாம்கள் பல மாநிலங்களில் இந்த வலைக்கு வெளியே போய்விடும்.

சிங்கப்பூர் 2017இல் இயற்றிய சட்டப்படி ஏழு வயதுக்குட்பட்டோருக்கான மையங்கள் எல்லாம் ஒரே முகமையின் கீழ் வந்தன. கைக்குழந்தை ஐந்துக்கு ஒருவர், ஒன்றரை வயது தாண்டியதும் எட்டுக்கு ஒருவர் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பிடி தளர்கிறது.

இங்கிலாந்துக் கதையில்தான் நமக்குப் பாடம் அதிகம், அதில் தமிழரும் இருக்கிறார்கள். அங்கே எட்டு வயதுக்குட்பட்டவரைக் கூலிக்குப் பார்த்துக்கொள்பவர், அது தன் வீடாக இருந்தாலும், ஆஃப்ஸ்டெட் என்ற அரசுக் கண்காணிப்பு அமைப்பில் பதிய வேண்டும். நம் பக்கத்து லைன் அக்காவுக்கு அங்கே ஒரு சட்டப் பெயர் உண்டு, ஆய்வறிக்கை உண்டு, அதை எந்தத் தாயும் வாசிக்கலாம். ஆனால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டால் பதிவு வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் விருப்பமிருந்தால் பதியலாம். அந்த இடைவெளியில் டியூஷன் மையங்கள், மதரசாக்கள், தேவாலய ஞாயிறு பள்ளிகள், லண்டனில் சனி ஞாயிறுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. 2015 நவம்பரில் அரசு ஒரு யோசனை வைத்தது: வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடம் எதுவானாலும் பதிவு செய்யட்டும், தேவைப்பட்டால் சோதிப்போம். மத அமைப்புகள் கொதித்தன. எங்கள் ஞாயிறு வகுப்பில் அரசு அதிகாரி வந்து உட்காருவதா என்றார்கள். 2018இல் யோசனை கைவிடப்பட்டது. 2020இல் ஒரு நடத்தை நெறிக் கையேடு வந்தது, விரும்பினால் பின்பற்றலாம். ஆஃப்ஸ்டெட் போன்ற அமைப்பை வைத்திருக்கும் நாடே வார இறுதி வகுப்பின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

அவர்கள் தயங்கியதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. உரிமத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார் என்பதே கேள்வி. ஜோசப் ஹாட்ஸ், மோ சியாவ் இருவரும் அமெரிக்க மாநிலங்களின் விதிகளை ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு நெஞ்சில் தைக்கிறது. விதிகள் இறுகியபோது மையங்கள் குறைந்தன, அதுவும் ஏழைகள் வாழும் பகுதிகளில் குறைந்தன. தரம் உயர்ந்தது வசதியானவர்களின் பகுதியில். விதியின் பயன் ஒருவருக்கு, பாரம் இன்னொருவருக்கு. நாளைக்கே தமிழ்நாட்டில் டியூஷனுக்கு உரிமம் என்று ஓர் ஆணை வந்தால், ஏசி போட்ட சங்கிலி நிறுவனங்கள் ஒரு வாரத்தில் காகிதத்தை வாங்கிவிடும். எங்கள் மிஸ் மாடிக் கதவைப் பூட்டிவிடுவார். அந்த இருபத்துமூன்று பேரில் பாதிப்பேர் ஆறு மணிக்குத் தெருவில் இருப்பார்கள். ஏற்கெனவே நான்கு சான்றுகள் வாங்கும் வழியில் நடப்பதெல்லாம் இவரிடமும் நடக்கும்.

ஆகவே எல்லோருக்கும் ஒரே கனமான உரிமம் என்பதை நான் ஏற்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்பதை அதைவிடவும் ஏற்கவில்லை. ரிச்சர்ட் ஃபீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கருத்து ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான விதிகள் எல்லாம் ஒரே எடை அல்ல. சில விதிகளைச் சோதித்தாலே அந்த இடத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். நம் ஊர்ச் சாவுகளையும் கொடுமைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்தச் சில எவை என்பதும் தெரியும். தண்ணீர், தீ, தனியறை. திறந்து கிடக்கும் தொட்டி. ஒரே வழியுள்ள மாடி. எவரும் பார்க்காத இடத்தில் பிள்ளையோடு ஓர் ஆள். சுவருக்கு என்ன வண்ணம், எத்தனை பொம்மை, ஆசிரியருக்கு என்ன டிப்ளமா என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

சிறிய இடங்களைப் பட்டியலில் கொண்டுவரவே முடியாது என்று அதிகாரிகள் சொல்வதை நான் நம்புவதில்லை. தமிழ்நாடு அரசே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலை ஐந்திலிருந்து ஏழு, ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இணையத்தில் பதிந்து தேர்வாகி வந்தார்கள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ப் பொது இடம் என்று எங்கே எந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு செயலியில் தெரிந்தது. அந்த ஏற்பாட்டில் உரிமமும் இல்லை, நான்கு சான்றுகளும் இல்லை. பெயர், இடம், நேரம், எண்ணிக்கை. எங்கள் மிஸ் செய்யும் வேலைக்கும் அதற்கும் வித்தியாசம், ஊக்கத்தொகை யார் கொடுக்கிறார் என்பது மட்டும்தான்.

அப்படி ஒரு பதிவேடு டியூஷனுக்கும் முகாமுக்கும் அகாடமிக்கும் ஏன் கூடாது? கட்டணம் வாங்காத பதிவு, ஒரு பக்கம். பதிந்தவர்களின் பட்டியல் மாவட்ட இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். பெரிய இடங்களுக்கும், இரவு தங்கவைக்கும் முகாம்களுக்கும், தண்ணீரில் இறக்கும் பயிற்சிக்கும் மட்டும் முன்னதாகப் போய்ப் பார்த்துக் கொடுக்கும் உரிமம். மாடிப்படி மிஸ்ஸுக்குத் தேவை அபராதம் அல்ல. மின்பெட்டியை இடம்மாற்ற ஒரு எலெக்ட்ரீஷியனும், ஒரு தீயணைப்பானும்.

இதற்கெல்லாம் சட்டமன்றம் கூட வேண்டும், காலம் பிடிக்கும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போக்சோ விதி அமலில் இருக்கிறது. அதை யார் போய்ப் பார்ப்பது என்று சொல்லும் ஆணை மட்டும் வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஒருவர் ஒரு பக்க ஆணையில் ஓர் அதிகாரியின் பதவியைக் குறிப்பிட்டு, அவருடைய தொலைபேசி எண்ணை எல்லாக் கோடை முகாம் விளம்பரத்திலும் அச்சிடச் சொன்னால் போதும். ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்குள் அந்த ஆணை வந்தால் இந்தக் கோடைக்கே உதவும்.